அப்பாவின் கணக்கு நோட்டு

சிறு தொழில் நடத்திய ஒருவர் காலமானால் நாம் எழுதுகிற இரங்கல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். "அன்பான கணவர், பாசமான தகப்பன், கடின உழைப்பாளி." பொய் ஒன்றுமில்லை. ஆனால் பெயரை மாற்றினால் வேறு யாருக்கும் பொருந்தும். அப்பா போனபோது நானும் அப்படித்தான் எழுதினேன். இப்போது படித்துப் பார்த்தால் அதில் அவர் இல்லை.

அவர் இருந்தது அவருடைய கணக்கு நோட்டுகளில். சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். யாரிடமிருந்து வரவேண்டும், யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று பார்க்கத்தான் அவற்றை எடுத்தோம். எல்லா மாதமும் முதல் வரி வேலையாட்களின் சம்பளம். அப்புறம் பேப்பர், மை, வாடகை, கரண்ட் பில். கடைசி வரியில் 'வீடு'. சில மாதங்களில் அந்தச் சொல் மட்டும் இருக்கிறது, எதிரே தொகை இல்லை. அப்படி ஒரு மாதம், நான் கல்லூரியில் சேர்ந்த மாதம். ஃபீஸ் கட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்பது நோட்டின் பின்பக்கத்தில் கைமாற்றுக் கணக்காக இருந்தது. மூன்று வருஷம், சிறுகச் சிறுக அடைத்திருக்கிறார்.

குடும்பஸ்தர் ஒருவர், தொழில்காரர் இன்னொருவர் என்று இரண்டு ஆட்கள் இல்லை. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்தால் அதற்குத் தனி இருப்பு உண்டு, முதலாளி போனாலும் அது நிற்கும். தனி ஒருவர் நடத்தும் தொழிலில் அவர்தான் தொழில். தொழில் கடன் அவருடைய சொந்தக் கடன், நஷ்டம் வந்தால் வீடு வரைக்கும் வரும். உலகத்தில் இருக்கும் நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்கிறது உலக வங்கி. வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் அவற்றில்தான். அதில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு கடைசி வரி காலியாகக் கிடக்கிறதோ.

அவரைத் தியாகி ஆக்க நான் எழுதவில்லை. பள்ளி விழா ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கடன் விஷயத்தை அம்மாவிடம் கடைசிவரை மறைத்தது தப்புதான். அவர் போன பிறகு ஒவ்வொருவராக வந்து சொல்லித்தான் அம்மாவுக்கே தெரிந்தது. துக்கத்தோடு அந்த அவமானத்தையும் அவள் தாங்கவேண்டியிருந்தது. பாசத்தால் மறைத்தார் என்று சொல்லி இதை நான் கடந்துபோக மாட்டேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, வாய்வார்த்தையாகச் சொன்னது எல்லாவற்றையும் கேளுங்கள். முதலில் எரிந்து விழுவார். பரவாயில்லை, கேளுங்கள்.

அப்பாவின் செல்போன் நம்பரை நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை. போன வாரம் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணன் இருக்காரா? விசிட்டிங் கார்டு அடிக்கணும்." விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "ரொம்ப நாளா அவருக்கு ஒரு பாக்கி வச்சிருக்கேன் தம்பி" என்றார்.

அன்று ராத்திரி நோட்டில் அவர் பெயரைத் தேடினேன். இருந்தது. அப்பா எப்போதோ அதன் மேல் கோடு போட்டு அடித்திருந்தார்.