அம்மாவுக்கு வரலாறு தெரியும், அதுதான் பிரச்சினை

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அம்மாவுக்குக் குடியுரிமை நேர்காணல். இன்று திங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரை அம்மாவுக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் இந்த மூன்று நாளும் அதை நான் சாப்பிட வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

என் அம்மா மன்னார்குடிப் பக்கத்தில் அரசுப் பள்ளிகளில் 31 வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தவள். வயது 69. அமெரிக்க விடுதலைப் போரைக் கரும்பலகையில் வரைபடம் போட்டு நடத்தியவள். அவளிடம் போய் அமெரிக்க வரலாறு தெரியுமா என்று சோதிக்கப் போகிறார்கள். சோதிக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. சோதிக்கிற விதத்தைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 100 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. விடையையும் அவர்களே அச்சிட்டுத் தந்துவிடுகிறார்கள். அதிகாரி அதிலிருந்து 10 வரை கேட்பார், 6 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. அம்மா விண்ணப்பித்தது 2025 செப்டம்பரில், அதனால் 100. அக்டோபர் 20க்குப் பிறகு விண்ணப்பித்த எங்கள் அடுத்த தெரு மாமிக்கு 128 கேள்விகள், கேட்பது 20, சொல்ல வேண்டியது 12. இதே 128ஐ 2020 டிசம்பரில் ஒரு தடவை கொண்டுவந்து, 2021இல் ஆட்சி மாறியதும் தூக்கிவிட்டு, இப்போது தூசி தட்டி மறுபடி வைத்திருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். ஒரு செனட்டர் யாருடைய பிரதிநிதி என்று ஒரு கேள்வி. பழைய பட்டியலில் விடை 'அந்த மாநிலத்து மக்கள் எல்லோரும்'. 2020 பட்டியலில் அதுவே 'அந்த மாநிலத்துக் குடிமக்கள்' என்று ஆகிவிட்டது. கிரீன் கார்டோடு உட்கார்ந்து வரி கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்குப் பழைய பட்டியலில் ஒரு செனட்டர் உண்டு, 2020 பட்டியலில் இல்லை. ஆட்சி மாறினால் நம்மூரில் பாடப்புத்தகம் மாறும் என்று கேலி பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

65 வயது தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டே என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்டு. கிரீன் கார்டு வாங்கி 20 வருடம் ஆகியிருந்தால் 20 கேள்விகளைப் படித்தால் போதும், அதையும் சொந்த மொழியிலேயே சொல்லலாம். அம்மா வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. ஆக 100 கேள்வியும் உண்டு, அதுவும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்து, தமிழிலேயே பாடம் நடத்தியவள். 'பிரதிநிதித்துவம் இல்லையேல் வரியும் இல்லை' என்பதை ஒரே மூச்சில் சொல்வாள். 'ரெப்ரசென்டேஷன்' என்று வரும்போது நாக்கு ஒரு படி தடுக்கும். நானும் பையனும் உடனே முகத்தைப் பார்ப்போம். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.

சரி, உச்சரிப்பு ஒரு பெரிய சங்கதி இல்லை, இரண்டு நாளில் வந்துவிடும். அவளுக்கு வராதது சுருக்கமாகச் சொல்வது.

நேற்று ராத்திரி நடந்ததைக் கேளுங்கள். "குடியேறிகள் ஏன் பிரிட்டிஷாரோடு சண்டை போட்டார்கள்?" பட்டியலில் முதல் விடை: அதிக வரி. இரண்டு வார்த்தை. அம்மா ஆரம்பிக்கிறாள். "1773இல் போட்ட தேயிலைச் சட்டம் தேயிலை விலையைக் குறைத்ததடி, ஏற்றவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கிடங்கில் சரக்கு தேங்கிப்போச்சு. அதை நேரடியாகக் கொண்டுபோய்த் தள்ள பார்லிமென்ட் வழி செய்து கொடுத்தது. கள்ளத்தனமாகத் தேயிலை இறக்கிக்கொண்டிருந்தவன் பிழைப்பில் மண். ஏற்கெனவே இருந்த வரியை ஒத்துக்கொண்டால் வரி போடும் உரிமையையே ஒத்துக்கொண்ட மாதிரி. அதுதான் டிசம்பர் 16ஆம் தேதி ராத்திரி 342 பெட்டியைக் கடலில் கொட்டினான். சும்மா அதிக வரி என்றால் எப்படி?"

"அம்மா, ஹை டாக்ஸஸ். அவ்வளவுதான்."

"அதே கம்பெனிதானடி நம்மையும் ஆண்டது!"

அங்கிருந்து பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். யார்க்டவுனில் 1781இல் அவர் படை சரணடைந்ததும் கதை முடிந்தது என்று அமெரிக்கப் பையன்கள் நினைக்கிறார்கள். அந்த மனுஷன் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792இல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு போனதும், ஜமீன்தாரி நிலவரி முறையைக் கொண்டுவந்ததும் அம்மாவுக்கு நேற்று நடந்த மாதிரி. தேசிய கீதத்தின் பெயர் என்ன என்று கேட்டால், அந்தப் பாட்டில் வருகிற ராக்கெட்டே மைசூர்க்காரன் ராக்கெட்டைப் பார்த்து பிரிட்டிஷ்காரன் செய்துகொண்டதுதான், அதை வைத்துத்தான் 1814இல் பால்டிமோர் கோட்டையை அடித்தான் என்று போகிறாள். எல்லாமே சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. எதிரே உட்காரப்போகும் அதிகாரிக்கு நேரம் இருக்குமா, பொறுமை இருக்குமா, இவள் விடை தெரியாமல் சுற்றி வளைக்கிறாள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் நான் அவளை வெட்டி வெட்டிப் பேச விடாமல் செய்கிறேன். வாத்தியாரம்மாவின் வாயை மூடப் பயிற்சி கொடுக்கிற மகள் நான்.

இதில் பெரிய கூத்து பென்ஜமின் பிராங்க்ளின். அவர் எதற்குப் புகழ்பெற்றவர், ஒன்று சொல்லு. அம்மா சந்தோஷமாக "பட்டம் விட்டு மின்னலைச் சோதித்தார், இடிதாங்கி செய்தார்" என்றாள். பட்டியலைப் பார்த்தேன். தூதர், அரசியலமைப்பு மாநாட்டில் மூத்த உறுப்பினர், முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல், இலவச நூலகம் என்று போகிறது. பட்டமும் இல்லை, இடிதாங்கியும் இல்லை! பட்டியலின் தலைப்பில் ஒரு குறிப்பு வேறு: வேறு சரியான விடைகளும் இருக்கலாம் என்பது தெரியும், ஆனாலும் இதில் கொடுத்ததையே சொல்லப் பாருங்கள் என்ற தோரணையில். படித்ததும் எனக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. சொந்த வாக்கியத்தில் எழுதினால் மதிப்பெண் போகும், கைடில் இருக்கிற மாதிரியே எழுது. அதிலிருந்து தப்பித்துக் கடல் தாண்டி வந்தால் இங்கே அதே கைடு, பளபளப்பான தாளில்.

சரி, உள்ளூர்க்காரர்களுக்காவது தெரியுமா? 2018இல் ஓர் அமைப்பு இந்தக் கேள்விகளிலிருந்தே எடுத்து அமெரிக்கர்களிடம் கேட்டுப் பார்த்தது. தேறியவர்கள் மூன்றில் ஒருவர். பிராங்க்ளின் மின்விளக்கைக் கண்டுபிடித்தார் என்று 37 சதவீதம் பேர் நினைத்தார்களாம். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், எடிசன் என்ற ஊரில். ஊர்ப் பெயரையே மின்விளக்குக்காரரிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள்! குடியுரிமைக்காக எழுதுகிறவர்களோ பத்தில் ஒன்பது பேர் தேறிவிடுகிறார்கள்.

எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். போன ஜூலை 4 அன்று கறி சுட்டுக்கொண்டே, "அதெல்லாம் ஈஸி, குழந்தைகளுக்குக் கூடத் தெரியும்" என்று அம்மாவைத் தட்டிக்கொடுத்தார். அம்மா சும்மா இருப்பாளா? இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்றார். விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2, வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2 என்று அம்மா சொன்னாள். அவர் சிரித்துவிட்டு சோளத்தைத் திருப்பிப் போடப் போய்விட்டார். அவர் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே பிறந்தவர், யாரும் அவரை உட்கார வைத்துக் கேட்கப் போவதில்லை.

தெற்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் ஓட்டுப் போட எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். கறுப்பின மக்களைத் தடுக்கத்தான் அது. வெள்ளைக்காரர்களிலும் படிக்காதவர்கள் உண்டே, அவர்களுக்கு என்ன வழி? உன் தாத்தாவுக்கு ஓட்டுரிமை இருந்ததா, உனக்குத் தேர்வு வேண்டாம் என்று பல மாநிலங்களில் ஒரு விதி. தாத்தா விதி என்றே அதற்குப் பெயர். அதை 1915இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தேர்வை வைத்துத் தடுப்பதை நிறுத்த 1965 வரை ஆயிற்று. இது 100இல் இல்லை. தேர்வு வைத்து ஆளை வெளியே நிறுத்திய கதையைத் தேர்வில் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது.

எங்கள் கதையும் இல்லை. 1790இல் போட்ட சட்டப்படி சுதந்திரமான வெள்ளை ஆள்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர், அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை வாங்கினார். அரசாங்கம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1923இல் உச்ச நீதிமன்றம் நீ வெள்ளையனில்லை என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் பிடுங்கினார்கள். 1946இல்தான் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது, அதுவும் வருடத்துக்கு 100 பேர் வரலாம் என்று. அம்மா இதைப் பையனின் நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு, "இதைக் கேட்பார்களாடி?" என்றாள். இல்லை என்றேன். "கேட்டால் நன்றாகச் சொல்லுவேன்" என்றாள்.

எங்கள் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் என்ன செய்தது என்றால் 'அடிமைகளை விடுவித்தது' என்பது விடை. லிங்கன் 1863இல் விடுவித்தது கிளர்ச்சி செய்த மாநிலங்களில் மட்டும். நியூஜெர்சி வடக்கு மாநிலம், கிளர்ச்சி செய்யவில்லை. 1860 கணக்கெடுப்பில் இங்கே 18 பேர் அடிமைகளாகப் பதிவாகியிருந்தார்கள், 'ஆயுள் முழுக்கப் பயிற்சியாளர்' என்ற நாசூக்கான பெயரில். பிரகடனம் அவர்களைத் தொடவே இல்லை, 1865இல் வந்த 13ஆம் திருத்தம்தான் தொட்டது. நல்லவேளை, 'தெற்குக் கூட்டமைப்பு மாநிலங்களில் விடுவித்தது' என்ற சரியான விடையும் பட்டியலில் கீழே இருக்கிறது. அம்மா அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு வைத்திருக்கிறாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சிவப்பு மைப் பேனா.

நேற்று பத்து மணிக்கு நான் கத்திவிட்டேன். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லேன்ம்மா, ஏன் எதற்கு என்பதெல்லாம் வியாழக்கிழமை முடியட்டும்" என்று. அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "இதே வசனத்தை நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? பரீட்சை முடியட்டும், அப்புறம் கேளு என்று. ஒருத்தன்கூட அப்புறம் வந்து கேட்கவில்லை." எனக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பையன்தான் அடுத்த அட்டையை எடுத்தான்.

"உள்நாட்டுப் போருக்குக் காரணமான ஒரு பிரச்சினை சொல்லு பாட்டி. மூன்று விடை இருக்கு, எதைச் சொன்னாலும் சரி. அடிமை முறை, பொருளாதாரக் காரணம், மாநில உரிமை."

"எதைச் சொன்னாலும் சரியா? பிரிந்து போன மிசிசிப்பிக்காரனே அடிமை முறைக்காகத்தான் போகிறோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். அவர்கள் துணை ஜனாதிபதி ஸ்டீபன்ஸ் 1861இல் சவானாவில் மேடையேறி அதுதான் எங்கள் மூலைக்கல் என்று பேசினான். போனவனே சொல்லிவிட்டுப் போனதற்கு இவர்கள் எதற்கு இரண்டு விடை கூட்டிக் கொடுக்கிறார்கள்? அந்தத் தாளை இங்கே கொடு."

வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இரண்டாவதையும் மூன்றாவதையும் சிவப்பு மையால் நீளமாக அடித்துவிட்டு, ஓரத்தில் கால் மதிப்பெண்கூடப் போடாமல் அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.