மூன்று ஓலை வாசிப்பதற்கு முன்

தன் பாலினத்தவர் மேலேயே ஈர்ப்புள்ள (தன்பாலீர்ப்புள்ள) பிள்ளைகளைப் பெற்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். "எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் இல்லப்பா" என்று மகன் சொன்ன அன்றைக்கு, அல்லது மகளின் போனைப் பார்த்து அம்மாவுக்கு விஷயம் தெரிந்த அன்றைக்கு, வீட்டில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். அழுகை, போதகர், உபவாச ஜெபம், டாக்டர், கடைசியில் கல்யாணம். ஒவ்வொரு படியிலும் பிள்ளை வீட்டை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறது. கடைசிப் படியில் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் மாட்டிக்கொள்கிறது.

முதல் தவறு ஜெபக்குறிப்பில் நடக்கிறது. நல்ல மனதோடுதான் அம்மா ஒருவரிடம் "மகனுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்கிறார். என்ன விஷயம் என்று அவர் கேட்பார், அம்மாவும் சொல்லிவிடுவார். அது பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் சேகரம் (போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) முழுக்கத் தெரிந்துவிடும். பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த பையன் அதன்பிறகு கோயில் பக்கமே வரமாட்டான். ஜெபம் செய்யுங்கள், ஆனால் பெயரும் விவரமும் வேண்டாம். போதகர் ஐயரிடம் சொல்வதாக இருந்தாலும் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் விஷயம்.

அடுத்தது, பிடித்திருக்கும் ஆவியை விரட்டுவதாகச் சொல்லிச் செய்யும் விடுதலை ஜெபம். மூன்று நாள் சாப்பாடும் சரியான தூக்கமும் இல்லாமல், நாலு பேர் சுற்றி நின்று தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தால் யாரும் உடைந்துபோவார்கள். "விட்டுப் போச்சு" என்று சொன்னால்தான் எழுந்து போகலாம் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும், சொல்லியும் விடும். அதை மேடையில் சாட்சியாகவும் சொல்ல வைப்பார்கள். சில வாரங்களில் எதுவும் மாறவில்லை என்று தெரியும்போது, "கர்த்தரே என்னைக் கைவிட்டுட்டார்" என்ற முடிவுக்கு அந்தப் பிள்ளை வந்துவிடுகிறது. உயிருக்கே ஆபத்தான நேரம் அதுதான். அந்த நாட்களில் பூச்சிமருந்து, மாத்திரை டப்பா எதையும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இரவில் தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்த ஈர்ப்பை மாற்றிக் காட்டுகிறோம் என்று சொன்ன கிறிஸ்தவ ஊழியங்களில் மிகப் பெரியது அமெரிக்காவின் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். அதன் தலைவரே மன்னிப்புக் கேட்க, 2013-ல் அதை இழுத்து மூடினார்கள். நம் ஊரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண் ஜோடி பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில் 07.06.2021 அன்று இத்தகைய 'சிகிச்சை'யைத் தடை செய்யச் சொன்னது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதுவதற்கு முன் தனக்கே இது புரிய வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பெற்றோருக்கும் நான் சொல்வது அதுதான், பிள்ளையைக் கூட்டிப் போவதற்கு முன் நீங்கள் போய்க் கேளுங்கள். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இந்தச் 'சிகிச்சை'யை டாக்டர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. மதத்துக்கு ஒத்துவராத நடத்தையை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன் 3-வது பிரிவே சொல்கிறது. "மாத்திரை கொடுத்துச் சரி பண்ணிடலாம்" என்கிற டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

"வேதம் தெளிவா சொல்லுதே" என்பார்கள். 1 கொரிந்தியர் 6:9-ஐத் திறந்து பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று இருக்கும். இதில் முதலாவதுக்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் மலாக்கோஸ். மத்தேயு 11:8-ல் "மெல்லிய வஸ்திரம்" என்று வாசிக்கிறோமே, அந்த 'மெல்லிய'வும் இதே சொல்தான். ஒரே சொல் ஓரிடத்தில் துணியின் மென்மை, இன்னோரிடத்தில் சுயபுணர்ச்சி. அப்போஸ்தலர் 8-ல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியன் மூலத்தில் அண்ணகன், அதாவது விதையடிக்கப்பட்டவன். உபாகமம் 23:1-ன்படி கர்த்தருடைய சபைக்குள் வரக் கூடாதவன். நம் தமிழ் வேதாகமத்தில் அவன் வெறும் 'மந்திரி'. வாசிப்பவருக்கு யாருக்குக் கதவு திறந்தது என்பதே தெரியாமல் போகிறது. இறையியல் கல்லூரியில் இதைப் படித்த போதகர்கள் பிரசங்க பீடத்தில் ஏறியதும் விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

இப்போது கல்யாணம். "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடும்" என்பதைப் போன்ற கொடுமை இதில் வேறில்லை. தன்பாலீர்ப்புள்ள மகனுக்கு விஷயத்தை மறைத்துப் பெண் பார்த்தால், அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? முதல் ராத்திரியிலிருந்தே "என்கிட்ட என்ன குறை?" என்று தன்னைத்தானே கேட்க ஆரம்பிப்பாள். வருஷம் திரும்பியதும் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று ஊர் கேட்கும், பழி அவள் தலையில் விழும். வெளியே வரவும் வழி லேசில்லை. கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தில், இருவரும் சம்மதித்துப் பிரியவே 2 வருஷம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் கட்டாயத்தாலோ பயத்தாலோ நடந்த திருமணம் செல்லாது (திருச்சபைச் சட்டம் 1103), ஏமாற்றி நடத்தியதும் செல்லாது (1098). ஆனால் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் அதை நிரூபிக்க வேண்டும், நீதிமன்றத்துக்குத் தனியாகவும் போக வேண்டும்.

இதைத் தடுக்க ஐயர்மாராலும் ஃபாதர்களாலும் முடியும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறீர்கள். அதற்கு முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியாக, பெற்றோர் வாசலில்கூட நிற்காதபடி, அரைமணி நேரம் உட்கார வையுங்கள். "சம்மதமா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்தக் கல்யாணம் நின்னா உனக்கு நிம்மதியா இருக்குமா?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் ஓலையை நிறுத்துங்கள். காரணத்தை வீட்டாரிடம் சொல்ல வேண்டாம், "இன்னும் ஆயத்தம் தேவை" என்று நீங்களே பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியம் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றும்.

பிள்ளை ஏற்கெனவே வீட்டை விட்டுப் போயிருந்தால் 'காணவில்லை' என்று ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். 18 வயது முடிந்தவர் தன் விருப்பத்தோடு துணையுடன் இருப்பதாக வாக்குமூலம் கொடுத்தால், புகாரை முடித்துவிட வேண்டும் என்பது சுஷ்மா தீர்ப்பின் உத்தரவு. போலீசை அனுப்பிய பெற்றோரின் போனை அந்தப் பிள்ளை பல வருஷம் எடுக்காது. அதற்குப் பதில் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "சாப்பிட்டியா? கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வா. அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வா."