பேரப்பிள்ளைகளோடு இருக்கலாமே என்று எழுதியவருக்கு

வேப்பமரத்தடி பெஞ்ச் விஷயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். முந்தாநாள் படம்கூடப் போட்டிருந்தேன், அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லவில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எங்கள் குடியிருப்பில் என்னைப் போன்ற வயதானவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து பேசுகிற இடம் அது. மூன்று பெஞ்சையும் எடுத்துவிட்டு பைக் நிறுத்த மஞ்சள் கோடு போட்டுவிட்டார்கள். அதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினாரே, "பெரியவங்க வீட்லயே பேரப்பிள்ளைகளோட டைம் ஸ்பெண்ட் பண்ணலாமே" என்று, அதற்கு 11 பேர் கட்டைவிரல் வேறு காட்டினார்களே, அதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

பேரன் வேறு, சிநேகிதி வேறு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என் பேரனுக்கு 9 வயது. என் உயிரே அவன்தான். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் உன் தாத்தா படுத்திருந்த பக்கத்தைக் கை தானாகத் தொட்டுப் பார்க்கிறது என்று அவனிடம் சொல்ல முடியுமா? மகனிடம் சொன்னால் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போவான். மருமகளிடம் சொன்னால் பாவம், கண்கலங்கிவிடுவாள். மூன்றாவது மாடி அக்காவிடம் சொன்னேன். "எனக்கும் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அந்த அக்கா எனக்குச் சொந்தமில்லை, ஊர்க்காரர் இல்லை. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் 34 வருஷம் உட்கார்ந்து நாள் முழுக்க ஆட்களோடு பேசிக்கொண்டே இருந்தவள் நான். மயிலாடுதுறை வீட்டைப் பூட்டிவிட்டு சென்னைக்கு வந்த பிறகு நாலு மாதம் வாட்ச்மேனைத் தவிர வெளி ஆள் ஒருவரிடமும் பேசவில்லை. ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெஞ்சில் ஓர் அம்மா மாத்திரை அட்டையை நீட்டி, "கண்ணாடிய மேலயே வெச்சிட்டு வந்துட்டேன், இது எதுவரைக்கும்னு போட்டிருக்கு, பாருங்களேன்" என்றார். அவ்வளவுதான் ஆரம்பம். மறுநாள் அவர்கள் நாகர்கோவில் பக்கத்துத் தீயல் குழம்புக்குத் தேங்காயை எவ்வளவு வறுக்க வேண்டும் என்பதில் வந்து நின்றது பேச்சு. ஒன்றரை வருஷமாக அது முடியவில்லை.

சிநேகம் என்பது ஒருநாளில் வருவதில்லை. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018இல் இதைக் கணக்கே போட்டுப் பார்த்திருக்கிறார். சும்மா தெரிந்தவர் ஓரளவு நண்பராவதற்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டுமாம், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஆறரை மாதம். காலேஜிலும் ஆபீசிலும் அந்த நேரம் நமக்குத் தெரியாமலே கிடைத்துவிடுகிறது. 66 வயதில் எங்கே கிடைக்கும்? தினமும் அதே நேரம், அதே இடம், அதே முகங்கள் என்று ஓர் இடம் இருந்தால்தான் கிடைக்கும். எங்களுக்கு அந்த பெஞ்ச் இருந்தது.

புறணி பேசுகிறோம் என்கிறீர்கள். பேசுகிறோம்தான். இளவயதுக்காரர்கள் டீக்கடையில் நின்று பேசினால் அதற்கு யாரும் அந்தப் பெயர் வைப்பதில்லை. பார்க்கிங் இடம் போதவில்லை என்கிறீர்கள், சரி, பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது.

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசலாமே என்று ஒரு தம்பி அக்கறையாகத்தான் கேட்டிருந்தார். எந்த வீட்டுக்கு, தம்பி? மருமகள் ஹாலில் உட்கார்ந்து ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருப்பாள், பேரனுக்குப் பரீட்சை இருக்கும். அங்கே நான் யாரை அழைத்து உட்காரவைப்பது? அது என் மகன் வீடு. உடனே மகன் சரியில்லை என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். என் மகன் தங்கம். மாத்திரை தீருவதற்கு முன்னால் வாங்கி வைப்பான், சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குக் கூட்டிப்போவான், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மகன் இருக்கிறான் என்பதற்காக எனக்குச் சிநேகிதி வேண்டாமா? அவனுக்கு நல்ல அம்மா இருக்கிறாள் என்பதற்காக அவன் நண்பர்களை விட்டுவிட்டானா?

2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தனிமையோடு தொடர்புடைய சாவுகள் வருஷத்துக்கு 8,71,000க்கு மேல் என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் 14 பாட்டிமார்களைப் பயிற்சி கொடுத்து மர பெஞ்சில் உட்காரவைத்தார், மனசு உடைந்து வருகிறவர்களின் பேச்சைக் கேட்பதற்காக. நட்பு பெஞ்ச் என்றே அதற்குப் பெயர். அங்கே பாட்டிகளுக்காக பெஞ்ச் போட்டார்கள், இங்கே எங்கள் பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள்.

இவ்வளவு கோபப்படுகிறேனே, இதை எழுதும்போது என் அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறாள். திண்ணையில் உட்கார்ந்து தெருவோடு பேசியே வாழ்ந்தவளை 1996இல் என்னோடு தஞ்சாவூருக்குக் கூட்டிவந்தேன். நான் ஆபீசிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "பக்கத்து வீட்ல யாருடி இருக்கா?" என்பதாகத்தான் இருக்கும். "அவங்க வேலைக்குப் போறவங்கம்மா, தொந்தரவு பண்ணாதே" என்பேன். பிறகு கீரைக்காரம்மாவைக் கேட்டிலேயே நிறுத்தி அரைமணி நேரம் பேச ஆரம்பித்தாள். அதற்கும் திட்டினேன். "உனக்குத்தான் டிவி வாங்கிக் கொடுத்திருக்கேனே" என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. குழுவில் அந்த வரியைப் படித்தபோது என் குரலே எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக் கூட்டத்துக்கு நானும் அக்காவும் வருகிறோம். எழுதியவரும் வாருங்கள், முகம் பார்த்துப் பேசலாம். அதுவரைக்கும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொள்கிறோம். நேற்று அக்கா முட்டிவலியோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கி வந்தார். இன்றைக்கும் ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.