128 ஜிபி ‘ரோம்’ உண்மையில் ரோமா?

‘போன் பெட்டியில் போட்டிருக்கும் 8 ஜிபி ரேம், 128 ஜிபி ரோம் இரண்டுமே முதன்மை நினைவகம்தான்’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பாதிதான் சரி. முதன்மை நினைவகம் என்றால் செயலி நேரடியாகப் பயன்படுத்தும் நினைவகம்; ரேம் அந்த வகைதான், அந்த 128 ஜிபி அப்படி இல்லை. ரோம் என்றால் படிக்க மட்டுமேயான நினைவகம். அதில் தினமும் படங்களைச் சேமித்து அழிக்க முடியுமா? அந்த 128 ஜிபி பிளாஷ் சேமிப்பகம், அதாவது படங்கள், செயலிகள் எல்லாம் போன் அணைந்தாலும் அழியாமல் தங்கும் இரண்டாம் நிலை நினைவகம். ரோம் என்பது விற்பனைக்காக ஒட்டிய பெயர்.

நிஜ ரோம் செயலிச் சில்லுக்குள் துளியளவு இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடும் கட்டளைகள் அதில்தான்.

அப்புறம், ரேமும் ஒரே வகை இல்லை. அந்த 8 ஜிபி, டி-ரேம். ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) குட்டி மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கும். ஓட்டைக் குடம் மாதிரி கசிவதால் நொடிக்குப் பல முறை புதுப்பிக்க வேண்டும். செயலிக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக நினைவகமான கேஷில் உள்ள இன்னொரு வகை ரேமான எஸ்-ரேமுக்கு அந்தத் தொல்லை கிடையாது, வேகமும் அதிகம். ஆனால் ஒரு பிட்டுக்கு வழக்கமாக 6 டிரான்சிஸ்டர் (குட்டி மின் சுவிட்ச்) தேவை, இடமும் அதிகம் பிடிக்கும். அதனால்தான் அது சில மெகாபைட்டோடு நின்றுவிடுகிறது.