காரில்லாப் பாதைக்குக் காரில் வரச் சொல்கிறார்கள்

கால்வாய்க்கரைச் சைக்கிள் பாதைகளுக்கென்று அச்சிடப்படும் வழிகாட்டி ஏடுகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அட்டையில் அசையாத நீர், இரு கரையிலும் மரநிழல், கவலையற்ற முகங்களோடு சைக்கிள் மிதிக்கும் ஒரு குடும்பம், அவர்களுக்கு மேலே பெரிய எழுத்தில் ‘கார்களே இல்லாத பயணம்’ என்னும் வாசகம். அப்படியே கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, ‘வந்து சேர்வது எப்படி?’ என்ற பகுதியைப் படியுங்கள். எந்த நெடுஞ்சாலையில் வந்து எங்கே திரும்ப வேண்டும், எத்தனை கார்களை நிறுத்தலாம், இரவு முழுவதும் நிறுத்திவைக்க அனுமதி உண்டா என்றெல்லாம் விரிவாக எழுதியவர்கள், ரயிலில் வருவோருக்கென்று ஒதுக்கியது ஒரே ஒரு வரி: ‘சைக்கிளை ஏற்ற முடியுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும்.’ இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னிடம் கார் இல்லை. வாங்கும் எண்ணமும் இல்லை. விடுமுறை கிடைத்தால் பின்சக்கரத்தின் இருபுறமும் இரண்டு பைகளை மாட்டிக்கொண்டு ஏதாவதொரு கால்வாயையோ ஆற்றையோ பிடித்துக்கொண்டு நான்கைந்து நாள் போவேன். மலைச்சாலையில் மூச்சிரைத்து ஏறுவதில் பெருமை காணும் சைக்கிள் வீரர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கும், குழந்தையோடு வருகிறவர்களுக்கும், அறுபதைக் கடந்தவர்களுக்கும் கால்வாயை விடப் பெரிய வரம் வேறில்லை. நீர் மேடேறாது என்பதால், கால்வாய் வெட்டியவர்கள் குன்றைச் சுற்றியும் பள்ளத்தின் மீது பாலம் கட்டியும் மட்டத்தைக் காத்தார்கள். தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் இரட்டைக் கதவு வைத்த லாக் என்னும் நீர்த்தொட்டியைக் கட்டி, படகைச் சில மீட்டர் ஏற்றியோ இறக்கியோ விட்டார்கள். அமெரிக்காவில் கம்பர்லாண்டிலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை பொடோமாக் ஆற்றை ஒட்டியே வரும் செசபீக் - ஒஹையோ கால்வாயின் கரைப்பாதை ஏறத்தாழ 297 கி.மீ. நீளமுள்ளது. வழியில் 74 லாக்குகள் இருந்தும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான உயர வேறுபாடு 185 மீட்டருக்குள்தான் இருக்கிறது. இதைவிட இதமான பாதையை இன்று ஒருவர் புதிதாகத் திட்டமிட்டுப் போட முடியுமா என்பதே ஐயம்தான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பூசாரியின் முதல் வேலை இரும்புத் தடுப்பு. மோட்டார் சைக்கிள்கள் நுழையாமலிருக்க வைத்ததாகச் சொல்லப்படும் இந்தத் தடுப்புகளில், இரண்டு இரும்புத் தகடுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து, கைப்பிடி நுழைய முடியாத அளவுக்கு வழியை நெரித்துக்கொண்டு நிற்கும். சென்ற முறை ஒரே காலைப்பொழுதில் இப்படி ஒன்பது தடுப்புகளைக் கடந்தேன். ஒவ்வொன்றிலும் இறங்கி, பைகளைக் கழற்றி அந்தப் பக்கம் வைத்து, சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தி உள்ளே திணித்து, மறுபடியும் பைகளை மாட்ட வேண்டும். எனக்காவது இரண்டு கைகளும் கால்களும் நன்றாக இருக்கின்றன. மூன்று சக்கர சைக்கிளில் வரும் மூதாட்டியும், கையால் சுற்றி ஓட்டும் வண்டியில் வரும் மாற்றுத்திறனாளியும், குழந்தையைப் பின்வண்டியில் உட்கார வைத்து இழுத்து வரும் தாயும் அந்த இடத்தோடு திரும்பிப் போக வேண்டியதுதான். ஐந்தாவது தடுப்பில் பையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வேலியைப் பார்த்தேன். செடிகளை முறித்துக்கொண்டு ஒரு சந்து, அதில் மோட்டார் சைக்கிள் டயரின் தடம் பளிச்சென்று தெரிந்தது. யாரைத் தடுக்க இரும்பை நட்டார்களோ அவன் போய்விட்டான். அவனுக்காக நட்ட இரும்பு எங்களுக்காக நிற்கிறது.

இந்தக் கரைப்பாதைகள் எதற்காக உண்டாயின என்பதை நினைத்தால் கோபம் இரட்டிப்பாகிறது. என்ஜின் வருமுன் கால்வாய்ப் படகுகளைப் பெரும்பாலும் இழுத்தவை குதிரைகளே; அவை நடக்கப் போட்ட பாதையில்தான் இன்று நாம் சைக்கிள் ஓட்டுகிறோம். பாதை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறும் இடங்களில் குதிரையை அவிழ்த்துக் கட்டினால் நேரம் வீணாகும் என்பதற்காக, படகோடு கட்டிய கயிற்றை அவிழ்க்காமலேயே குதிரை பாலத்தின் மீதேறி, மறுகரையில் சுற்றி இறங்கி, அதே பாலத்தின் அடியில் நுழைந்து போகும்படி வளைத்துக் கட்டினார்கள். 1831-இல் திறக்கப்பட்ட இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாயில் அத்தகைய கல்பாலங்களை இன்றும் காணலாம். பாம்பு போல் சுருண்டிருப்பதால் அவற்றைப் பாம்புப் பாலம் என்றே அழைக்கிறார்கள். ஒரு குதிரையின் கயிறு அவிழக் கூடாது என்பதற்காகக் கல்லை வளைத்தவர்கள் உருவாக்கிய அதே வகைப் பாதையில், நான் ஒன்பது முறை மூட்டையை அவிழ்த்துக் கட்டுகிறேன்.

அடுத்தது, வரைபடத்தில் தொடர்ச்சியாக இருக்கும் கோடு தரையில் அறுந்துபோவது. இருபது கி.மீ. சுகமாக வந்தபின் ஒரு வாகனப் பாலம் குறுக்கிடும். அதன் அடியில் பாதை விடாமல் கட்டியிருப்பார்கள். அம்புக்குறி நம்மைக் கரையேற்றி, லாரிகள் உரசிச் செல்லும் சாலையின் வெள்ளைக்கோட்டு ஓரத்தில் விட்டுவிடும். நீளத்தைப் பெருமையாகச் சொல்லும் பாதைகளும் இதற்கு விலக்கல்ல. பிரான்சின் நாந்த் நகரத்துப் பக்கம் அட்லாண்டிக் கரையில் தொடங்கி, லுவார் ஆற்றையும் பின்னர் டான்யூபையும் பின்பற்றி, பத்து நாடுகளைக் கடந்து கருங்கடல் வரை செல்லும் யூரோவேலோ 6 பாதையின் நீளம் 4,000 கி.மீ.க்கும் மேல்; ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து வியன்னா வரையிலான பகுதியை நம்பிக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம், ஆனால் கிழக்கே போகப் போகப் பல இடங்களில் பொதுச்சாலையே பாதையாகிவிடுகிறது. இருபது கி.மீ. நிழலுக்காக வருகிறவரை நடுவில் வரும் இரண்டு கி.மீ. லாரிச் சாலைதான் வீட்டிலேயே உட்கார வைக்கும் என்பது பாதை போடுகிறவர்களுக்கு ஏன் உறைக்கவில்லை?

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது போல, இத்தனைக்கும் பிறகு ரயில் இருக்கிறது. கால்வாய்ப் பயணம் ஒருவழிப் பயணம். ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடியும். காரில் வந்தவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ஆகவே நியாயமாக இது ரயிலுக்கென்றே வாய்த்த பயணம். தண்டவாளமும் தொலைவில் இல்லை. கால்வாயைப் போலவே ரயிலும் மேட்டுக்கு அஞ்சும் என்பதால் இரண்டும் பெரும்பாலும் ஒரே பள்ளத்தாக்கில்தான் ஓடுகின்றன. நான் மேலே சொன்ன செசபீக் - ஒஹையோ கால்வாய்க்கும், அதற்குப் போட்டியாக வந்த பால்டிமோர் - ஒஹையோ ரயில்பாதைக்கும் 1828 ஜூலை 4 அன்று, ஒரே நாளில் அடித்தளமிட்டார்கள். இப்படிக் கூடவே பிறந்த ரயிலில் சைக்கிளுக்கு எவ்வளவு இடம்? ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் நிறைவேற்றிய ரயில் பயணிகள் உரிமைச் சட்டத்தின்படி, புதிதாக வாங்கும் ரயில்களிலும் பெரிதாகப் புதுப்பிக்கும் ரயில்களிலும் பொதுவாகக் குறைந்தது 4 சைக்கிள்களுக்கு இடம் வேண்டும். நானூறு பேர் ஏறும் வண்டியில் நான்கு! அதையும் போராடித்தான் வாங்கினார்கள் என்பதால் நன்றி சொல்லிவிட்டே திட்டுகிறேன். நான்கு நாள் பயணத்தின் இறுதியில், மழையில் நனைந்து, நடைமேடையில் நின்றிருந்த என்னை ஏற்றாமல் ஒரு வண்டி போனது. அடுத்த வண்டியிலும் இடமில்லை. மூன்றாவது வண்டியின் நடத்துநர் மனமிரங்கியதால்தான் வீடு திரும்பினேன். சட்டத்தால் நடக்க வேண்டியது ஒருவரின் நல்ல மனத்தால் நடந்தது.

பொடோமாக் ஆற்றை ஒட்டிய அந்தச் செசபீக் - ஒஹையோ கால்வாயையே ஒரு காலத்தில் கார்ச்சாலையாக்கப் பார்த்தார்கள். 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், அத்திட்டத்தை ஆதரித்துத் தலையங்கம் எழுதிய நாளேட்டின் ஆசிரியர்களைத் தம்மோடு நடந்து பார்க்குமாறு அழைத்து, எட்டு நாட்கள் கரையோரமாக நடந்தார். நாளேடு தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. பாதையைக் காரிடமிருந்து மீட்க ஒரு நீதிபதி நடந்தார். பாதைக்குக் காரில்லாமல் வந்து சேர யார் நடப்பது?

பொறுக்க முடியாமல், ஒரு கால்வாயை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ‘எனக்குக் கார் கிடையாது’ என்றே அதைத் தொடங்கி, தடுப்புகள் நிற்கும் இடங்களையும், பாதை அறுபடும் பாலத்தையும், சைக்கிள் செல்லும் ரயில்களின் நேரத்தை ஏட்டில் சேர்க்க வேண்டியதையும் குறிப்பிட்டிருந்தேன். ஆறு வாரம் கழித்து மிகப் பணிவான பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றி கூறியிருந்தார்கள். தடுப்புகளைத் தவிர்க்க விரும்பினால் பதினான்காவது லாக்கின் அருகிலிருந்து பயணத்தைத் தொடங்கலாம் என்றும், அங்கே புதிதாக எழுபது கார்களுக்கான இலவச நிறுத்துமிடம் திறக்கப்பட்டுள்ளது என்றும் தெரிவித்திருந்தார்கள்.