எம்டிடி அளவு பாதியானால் பாதி செல் செத்ததாக அர்த்தமில்லை
செல்கள் உண்டாக்கும் நிறத்தை அளக்கும் எம்டிடி சோதனையில் நிறம் பாதியாகக் குறைந்ததை வைத்து, சைட்டராபின் என்ற புற்றுநோய் மருந்து பாதி லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) செல்களைக் கொன்றுவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. அந்தச் சோதனை அளப்பது செல்களின் வளர்சிதை மாற்றத்தை. 48 மணி நேரத்தில் ஆய்வகத் தட்டின் மருந்திடாத குழியில் செல்கள் இரட்டிப்பாகி, மருந்திட்ட குழியில் ஒன்றுகூடச் சாகாமல் பெருக்கம் மட்டும் நின்றிருந்தாலும் இதே 50 சதவீதம்தான் வரும். மருந்திடும் நேரத்து அளவையும் எடுத்திருந்தால் குட்டு அங்கேயே உடைந்திருக்கும். சைட்டராபின் டிஎன்ஏ நகலெடுக்கும் எஸ் கட்டத்தில் உள்ள செல்லைத்தான் முக்கியமாகத் தாக்கும், ரத்தத்திலும் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால்தான் நோயாளிக்கு 7 நாள் விடாமல் ஏற்றுகிறார்கள். சாவை அறிய, சாகும் செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் அனெக்சின் வி, செத்த செல்லுக்குள் புகுந்து ஒளிரும் சாயமான புரோப்பிடியம் அயோடைடு இரண்டும் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்க்க வேண்டும். டானோரூபிசின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துக்கும் அதையே செய்யலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம்தான், ஆனால் அந்த மருந்தே செம்மஞ்சளாக ஒளிரும். புரோப்பிடியத்தின் ஒளியோடு கலந்து உயிருள்ள செல்லையும் செத்த கணக்கில் சேர்த்துவிடும். சாயம் போடாமல் மருந்து மட்டும் கொடுத்த குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். செல்களைக் கழுவும் கரைசலில் (பஃபர்) இடிடிஏ என்ற வேதிப்பொருள் மிச்சமிருந்தாலோ நேரெதிர்: கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் அனெக்சின் ஒட்டாது, செத்துக்கொண்டிருக்கும் செல்லும் நலமாகத் தெரியும்.