புகார் கேஸ் முடிந்ததா இல்லையா, குடியிருப்பவர்தான் சொல்ல வேண்டும்

சிங்கப்பூரில் நகர மன்றத்துக்குச் சேவை, பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் என்ன நடக்கும் என்று அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். முதலில் நினைவூட்டுக் கடிதம் வரும். பிறகு தாமதக் கட்டணம். இன்னும் இழுத்தால் நீதிமன்றம் வரை போகும். அதை நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் கட்டினால்தான் லிஃப்ட் ஓடும், தண்ணீர்த் தொட்டி சுத்தமாகும், தாழ்வாரத்தில் விளக்கு எரியும். ஆனால் இதையெல்லாம் பராமரிக்க வேண்டிய நகர மன்றம் தன் வேலையைத் தள்ளிப்போட்டால்? அதற்கு யார் யாருக்குக் கடிதம் போடுவது? எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் யார் தட்டிக் கேட்பது? கட்டணம் கட்டுகிறவனுக்குக் கெடு உண்டு, கட்டணம் வாங்குகிறவருக்கும் கெடு வேண்டும். இதுதான் என் வாதம்.

எங்கள் பக்கத்து வாடகை புளோக்கில் ஓர் அக்கா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், தனியாக வாழ்கிறார். அவர் வீட்டுக்கு வெளியே, தாழ்வாரக் கூரையை ஒட்டிப் போகும் குழாய் கசிகிறது. தண்ணீர் சுவரோடு இறங்கி, வாசல் நிலைக்கு மேலே பூச்சு உப்பி உதிர்ந்துகொண்டிருக்கிறது. கீழே ஒரு பழைய மைலோ டின் வைத்திருக்கிறார். டின்னுக்குள் ஒரு துணி. சொட்டுகிற சத்தத்தில் தூக்கம் வருவதில்லை, அதனால் துணியைப் போட்டேன் என்றார். இரவில் எழுந்து டின்னைக் கொட்டிவிட்டு வந்து படுக்கிறார். வாசலில் கோலம் போடுவதையே விட்டுவிட்டார்.

புகார் கொடுக்காமல் இல்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால், சுவர் வீட்டோடு சேர்ந்தது, இன்னோர் அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், குழாய் வெளியே இருக்கிறது, முதலில் சொன்ன இடத்துக்கே போங்கள் என்றார்கள். ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு வேறொருவர் வந்து, ஈரச் சுவரின் மேலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் கொடுத்த கேஸ் நம்பரை, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறம் பேனாவால் எழுதி, சாமி படத்துக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறார். கடைசியாக ஓர் ஆங்கிலக் குறுஞ்செய்தி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொன்னான்: கேஸ் முடிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அக்கா கேட்டது இதைத்தான்: “தம்பி, தண்ணி இன்னும் சொட்டுது. கேஸ் மட்டும் எப்படிப்பா முடிஞ்சுது?”

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. வேலையைச் செய்ய வேண்டியவரே, வேலை முடிந்தது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார். வீட்டில் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதிலும் நமக்குப் புதிதல்ல. 2014 தேசிய தினக் கூட்டத்தில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கோம்பாக்கில் கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசியது பலருக்கு நினைவிருக்கும். சரிவு ஓர் அமைப்புக்கு, நடைபாதை இன்னோர் அமைப்புக்கு. அதனால் குச்சியை யார் எடுப்பது என்ற குழப்பம். அந்த ஆண்டே நகராட்சிச் சேவை அலுவலகம் அமைக்கப்பட்டது. அடுத்து, புகாரை ஒரே இடத்தில் சொல்ல ஒன்சர்வீஸ் செயலி வந்தது. நல்ல முயற்சி, நானும் பயன்படுத்துகிறேன். எங்கே சொல்வது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. சொன்ன பிறகு யார் பொறுப்பு என்பதுதான் தீரவில்லை.

நகர மன்றங்கள் பிறந்த கதையைப் பாருங்கள். அதற்கு முன்பு எல்லாப் பேட்டைகளையும் அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே பராமரித்தது. 1986இல் அங் மோ கியோவில் சோதனையாக மூன்று மன்றங்கள் தொடங்கின, 1988இல் சட்டம் வந்தது. வட்டாரத்தை நடத்தும் பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினரிடம் இருக்கட்டும், நன்றாக நடத்துகிறாரா என்று வாக்காளர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. பல உறுப்பினர்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதிகள் பெரும்பாலானவற்றில் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். அக்காவின் வாசலில் சொட்டும் தண்ணீர் அந்த வாக்குப்பெட்டியில் எங்கே தெரியப்போகிறது?

இந்த இத்தனை ஆண்டுகளில் நகர மன்றங்களைப் பற்றி நாம் சூடாக விவாதித்தவை எல்லாம் பணத்தைப் பற்றியவை. 2008இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி சரிந்தபோது எட்டு மன்றங்கள் ஆபத்தான முதலீடுகளில் சுமார் 16 மில்லியன் வெள்ளியைப் போட்டிருந்தது தெரியவந்தது. 2015இல் எதிர்க்கட்சி நடத்திய அல்ஜுனிட்-ஹவ்காங்-பொங்கோல் ஈஸ்ட் மன்றத்தின் கணக்கைப் பற்றித் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை வந்தது, அது வழக்காகி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2019இல் அங் மோ கியோ மன்றத்தின் முன்னாள் பொது மேலாளர் லஞ்ச வழக்கில் 27 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். எந்தக் கட்சியின் மன்றமாக இருந்தாலும் பணத்தில் கை வைத்தால் விசாரணை உண்டு. 2017இல் சட்டத்தைத் திருத்தி, தேசிய வளர்ச்சி அமைச்சுக்கு விசாரிக்கும் அதிகாரத்தைக் கூட்டினார்கள். கட்டண வருமானத்தில் குறைந்தது 26 விழுக்காடு எதிர்காலப் பெரிய பணிகளுக்கான சிங்கிங் ஃபண்டுக்கும், 14 விழுக்காடு லிஃப்ட் மாற்று நிதிக்கும் போக வேண்டும் என்பதும் விதி. பணத்துக்கு இவ்வளவு காவல் இருப்பது சரிதான். சேவைக்கு இதில் பாதியாவது வேண்டாமா?

மன்றங்களைப் பற்றி அமைச்சு வெளியிடும் தரமதிப்பீட்டு அறிக்கை இருக்கிறதே என்பீர்கள். துப்புரவு, பராமரிப்பு, லிஃப்ட், கட்டண நிலுவை, நிர்வாகம் என்று பிரித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் கொடுக்கிறார்கள். அது முழு வட்டாரத்தின் நிலவரம். பச்சை வாங்கிய வட்டாரத்திலும் ஒரு புளோக்கின் ஐந்தாவது மாடி ஒழுகலாம்.

இதில் எனக்கு மிக உறுத்தலான விஷயம் ஒன்று உண்டு. நகர மன்றத்தின் மீது குறை இருந்தால் நாம் எங்கே போகிறோம்? மக்கள் சந்திப்புக்கு. அங்கே நம் மனுவை வாங்குபவர் நாடாளுமன்ற உறுப்பினர். நகர மன்றத்தை நடத்துவதும் அவர்தான். அவரிடமே மன்றத்தைப் பற்றி முறையிடுகிறோம், அவர் மன்றத்துக்குக் கடிதம் எழுதுகிறார். நல்ல மனிதராக இருந்தால் வேலை நடக்கிறது. நானே பார்த்திருக்கிறேன், இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய நல்ல மனதை நம்பி இருப்பது உரிமை ஆகாது.

வெளியிலிருந்து விசாரிக்க ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்பதும் புதிய யோசனை இல்லை. 1966இலேயே தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசமைப்பு ஆணைக்குழு அரசாங்கத்துக்கு அப்படி ஒரு பதவியைப் பரிந்துரைத்தது. அது வரவே இல்லை.

இங்கிலாந்தில் வந்தது, ஆனால் அது மட்டும் போதவில்லை. ரோச்டேல் நகரில், சமூக வீட்டு அமைப்பு ஒன்றின் வாடகை வீட்டில், 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சுவரெல்லாம் பூஞ்சை. பெற்றோர் பலமுறை சொல்லியும் சரிசெய்யவில்லை. பூஞ்சைதான் உயிரைப் பறித்தது என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி சொன்ன பிறகு நாடே கொதித்தது. 2023இல் சட்டம் வந்தது. 2025 அக்டோபரிலிருந்து, அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும், கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் பத்து வேலை நாட்களுக்குள் விசாரித்து அடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். கெடுவைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த வீடுகளைவிட நம் வீடுகள் எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக ஒரு பிள்ளை போன பிறகுதான் நாமும் கெடுவை எழுத வேண்டுமா?

செலவு கூடும், கட்டணம் ஏறும் என்று சொல்வார்கள். 2023லும் 2024லும் பல மன்றங்களில் கட்டணம் ஏறியது. மின்கட்டணமும் ஆள் செலவும் கூடியதுதான் காரணம் என்றார்கள், ஏற்றுக்கொண்டோம். கசிவை முதல் தடவையிலேயே சரியாக அடைத்தால் ஒரு செலவு. படம் எடுக்க ஒருவர், பெயின்ட் அடிக்க ஒருவர், மறுபடி பார்க்க ஒருவர் என்று அனுப்பினால் மூன்று செலவு. அந்தப் பெயின்ட் அடித்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மன்றம் நிர்வாக நிறுவனத்திடம் கொடுக்கிறது, நிறுவனம் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கிறது, கடைசியில் வாளியோடு வருகிற தொழிலாளி சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறார்.

நான் கேட்பது பெரிதல்ல. புகாரைப் பதிவு செய்யும்போதே எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே சிக்கினால், எல்லைச் சண்டை முடியும் வரை முதலில் வாங்கியவரே பொறுப்பு எடுக்கட்டும். குடியிருப்பவர் ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும் வரை கேஸை மூடாதீர்கள், கேட்பதை அவருக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். புளோக் வாரியாகத் தாமதக் கணக்கை வெளியிடுங்கள். இதற்கும் மேலே போக வேண்டுமென்றால், மன்றத்துக்கும் கட்சிக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் கேட்க வேண்டும்.

இவற்றை ஒரு மனுவாக எழுதி, அக்காவின் நாட்காட்டித் தாள்களைப் படமெடுத்து இணைத்து, அடுத்த மக்கள் சந்திப்பில் கொடுக்கப்போகிறேன். உங்கள் புளோக்கில் சரியாகாமலே மூடப்பட்ட கேஸ் இருந்தால், புகார் கொடுத்த தேதி, மூடிய தேதி, இப்போது எடுத்த ஒரு படம் மூன்றையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள். பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம். ஆங்கிலக் குறுஞ்செய்தி புரியாமல் விட்டுவிட்ட பெரியவர்கள் உங்கள் மாடியில் இருந்தால், முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.